வெற்றிடத்தைக் கட்டும் படிகங்கள்

(மதுரை கோரிப்பாளையத்தில் கூடிய ஊராட்சி அன்பர்கள், உழவர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

வட்டார வளர்ச்சி அலுவலர் பேச எழுந்தால், சாலையைப் பற்றியோ, குடிநீர்த் தொட்டியைப் பற்றியோ, வரி வசூலைப் பற்றியோதான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளோ படிகம். இப்பொருளுக்கும் ஊராட்சிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. அதனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் ரசாயனத்திற்கான நோபெல் பரிசு மூன்று விஞ்ஞானிகளுக்கு அறிவிக்கப்பட்டது. ஜப்பானின் சுசுமு கிடகாவா, ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் ராப்சன், அமெரிக்காவின் ஓமர் யாகி ஆகியோரே அம்மூவர். பாலைவனக் காற்றிலிருந்து நீரை எடுக்கவல்ல ஒரு புதிய பொருளை இவர்கள் ஆக்கித் தந்துள்ளனர் என்று நாளிதழ்கள் எழுதின. அச்செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஊராட்சி அன்பர் ஒருவர் என் அலுவலகத்திற்கு வந்தார். “ஐயா, இது நம்ம ஊருக்கு வருமா?” என்று கேட்டார். ரசாயனத்தில் பட்டம் பெற்றவன் நான். ஆயினும், அன்று அவருக்கு உருப்படியான விடை கூற என்னால் இயலவில்லை. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதன் பின்னர் நூல்களைப் புரட்டினேன். அவருக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடையே இவ்வுரை.

கால்களும் முடிச்சுகளும்

இப்பொருளை உலோக-கரிமச் சட்டகம் என்று வழங்குகின்றனர். பெயரைக் கண்டு மருள வேண்டுவதில்லை. திருமண வீட்டில் மூங்கில் பந்தல் போடுவதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். மூங்கில்கள் ஒன்றோடொன்று சேருமிடத்தில் கயிற்றால் முடிச்சிடுகின்றனர். முடிச்சும் மூங்கிலும் சேர்ந்து பந்தலாகின்றன. ஆனால் பந்தலின் பயன் மூங்கிலில் இல்லை, மூங்கில்களுக்கு இடையே உள்ள வெளியில் இருக்கிறது. அவ்வெளியில்தான் விருந்தினர் அமர்கின்றனர்.

இச்சட்டகத்தில் முடிச்சின் வேலையைச் செய்வது உலோகம். துத்தநாகம், தாமிரம், அலுமினியம், சிர்கோனியம் போன்றவை. மூங்கிலின் வேலையைச் செய்வது கரியணுக்களால் ஆன ஒரு நீள மூலக்கூறு. எடுத்துக்காட்டாக, டெரிப்தாலிக் அமிலம் என்ற ஒன்று உண்டு. நாம் உடுத்தும் பாலியெஸ்டர் துணியும், கடையில் வாங்கும் தண்ணீர்ப் பாட்டிலும் அதனைக் கொண்டே செய்யப்படுகின்றன. அவ்வமிலத்தின் மூலக்கூறு, இரு முனைகளிலும் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் கொக்கிகள் உடைய குச்சியைப் போன்றது. துத்தநாகத்தை முடிச்சாகவும், இக்குச்சிகளை மூங்கிலாகவும் கொண்டு 1999இல் யாகியும் அவருடைய குழுவினரும் ஒரு சட்டகத்தை ஆக்கினர். முடிச்சுக்கு முடிச்சு உள்ள தூரம், ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஏறத்தாழ ஒன்றேகால் பங்கு. மேலும் கீழும், முன்னும் பின்னும், வலமும் இடமும் அதே அளவில் சட்டகம் விரிந்துகொண்டே செல்கிறது. படிகத்தின் கன அளவில் பாதிக்கும் மேற்பட்டது வெற்றிடமே.

அதன் உட்பரப்பை உழவர்களுக்குப் புரியும் கணக்கில் சொல்கிறேன். அப்படிகத்தில் ஒரே ஒரு கிராம், அதாவது ஒரு சிட்டிகை உப்பைவிடச் சற்று மிகுதியான அளவு, தன்னுள் அடக்கியிருக்கும் பரப்பு ஏறத்தாழ 2900 சதுர மீட்டர். நம் கணக்கில் 70 சென்ட் நிலத்திற்கும் மேல். அத்தனை பரப்பிலும் வாயு மூலக்கூறுகளோ நீர் மூலக்கூறுகளோ வந்து ஒட்டிக்கொள்ள இடம் உண்டு.

மானாமதுரைப் பானையிலும் நுண்துளைகள் உள்ளன. அதனால்தான் அதில் ஊற்றிய நீர் மெல்லக் கசிந்து, ஆவியாகி, குளிர்ச்சி தருகிறது. அடுப்புக் கரியிலும் துளைகள் உள்ளன. ஆனால் அத்துளைகள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். படிகத்தின் துளைகளோ அச்சில் வார்த்தது போல் ஒரே அளவின. குச்சியை நீளமாகத் தேர்ந்தெடுத்தால் துளை பெரிதாகும். குட்டையாகத் தேர்ந்தெடுத்தால் சிறிதாகும். எந்தப் பொருளைப் பிடிக்க வேண்டுமோ, அதற்கேற்ற அளவில் அறையைக் கட்டலாம் என்பதே இதன் சிறப்பு.

மூவர் கண்ட வழி

இவ்வெண்ணம் ஒரே நாளில் தோன்றியதன்று. 1974இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த ராப்சன், மாணவர்களுக்கு விளக்குவதற்காக மர உருண்டைகளையும் குச்சிகளையும் கொண்டு மூலக்கூறு உருவங்கள் செய்ய முற்பட்டார். உருண்டைகளில் எங்கெங்கே துளையிட வேண்டும் என்று குறித்துக் கொடுத்தார். துளைகள் உரிய இடத்தில் இருந்தமையால், குச்சிகளைச் செருகியதும் உருவம் தானாகவே சரியாக அமைந்தது. அப்படியானால் உண்மையான அணுக்களையும் மூலக்கூறுகளையும் இவ்வாறே தாமாகச் சேரும்படி செய்யலாமே என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணம் நிறைவேற 15 ஆண்டுகள் ஆயின. 1989இல் தாமிர அணுக்களையும் நான்கு கைகளுடைய மூலக்கூறுகளையும் சேர்த்து, வைரத்தின் அமைப்பைப் போன்றதும், உள்ளே பெரிய குழிகளை உடையதுமான படிகத்தை அவர் வெளியிட்டார். ஆனால் அது எளிதில் குலையக்கூடியதாயிருந்தது.

1997இல் கிடகாவாவும் அவருடைய குழுவினரும் துளைகளின் உள்ளிருந்த நீரை நீக்கிய பிறகும் உருக்குலையாத சட்டகங்களைக் கண்டனர். அவை மீதேன், நைட்ரஜன், பிராணவாயு ஆகியவற்றை உள்ளே வாங்கி மீண்டும் வெளியே விட்டன. அதன் பின்னரே 1999ஆம் ஆண்டின் துத்தநாகச் சட்டகம் வந்தது. அது 300 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திலும் நிலைத்து நின்றது.

இம்மூவரில் யாகியின் இளமையைப் பற்றி ஒரு சொல். ஜோர்டான் நாட்டின் அம்மான் நகரில், பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில், 1965இல் பிறந்தவர் அவர். மின்சாரமோ குழாய் நீரோ இல்லாத வீட்டில், ஒரே அறையில் பலரோடும், குடும்பம் வளர்த்த கால்நடைகளோடும் வளர்ந்தார். குழாய் நீரைக் காணாத வீட்டுப் பிள்ளையே காற்றிலிருந்து நீரெடுக்கும் பொருளைப் படைத்தார் என்பது நம் சிற்றூர்ப் பிள்ளைகள் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி.

கற்கண்டும் படிகமும்

இனி, இப்படிகம் எவ்வாறு உருவாகிறது என்பதைப் பார்ப்போம். இதுவே என் உரையின் நடுநாயகம். ஏனெனில், பொருள் உருவாகும் விதத்தை அறிந்தவருக்கே அதன் தரமும் குறையும் விளங்கும்.

பனங்கற்கண்டு செய்யும் முறை உங்களில் பலருக்குத் தெரியும். பதநீரைப் பதமாகக் காய்ச்சி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, அசைக்காமல் பல நாட்கள் வைத்துவிடுகின்றனர். சூடாக இருந்தபோது பாகு தாங்கிக்கொண்ட சர்க்கரையை, ஆறிய பிறகு அதனால் தாங்க இயலாது. மிகுதியான சர்க்கரை நூலைப் பற்றிக்கொண்டு மணிமணியாகப் படிகிறது. அவசரப்பட்டுக் கிளறினால் என்ன கிடைக்கும்? பொடிச் சர்க்கரைதான் கிடைக்கும். தூத்துக்குடி உப்பளங்களிலும் இதுவே விதி. உப்பு நீர் மெல்ல வற்றினால் கல்லுப்பு பெரிதாக விளையும். விரைந்து வற்றினால் நொய்யாகிவிடும்.

இங்கே இரண்டு செயல்கள் நடைபெறுகின்றன. முதலாவது, கரு தோன்றுதல். கரைந்திருக்கும் துகள்கள் சில ஒன்றுசேர்ந்து ஒரு சிறு கூட்டமாகின்றன. கூட்டம் மிகச் சிறிதாக இருந்தால் மீண்டும் கரைந்துபோகும். ஓரளவைத் தாண்டிவிட்டால் நிலைபெற்றுவிடும். இரண்டாவது, அக்கருவின் மேல் மேலும் மேலும் துகள்கள் படிந்து வளர்தல். ஒரே நேரத்தில் மிகப் பல கருக்கள் தோன்றினால், இருக்கும் சரக்கை எல்லாம் பங்கிட்டுக்கொண்டு யாவும் பொடியாகவே நின்றுவிடும். சில கருக்களே தோன்றினால், அவை பெரிதாகவும் ஒழுங்காகவும் வளரும். ஒரு பாத்தியில் நாற்றை நெருக்கமாக விட்டால் பயிர் எவ்வாறு நலிகிறதோ, அவ்வாறே என்று கொள்ளலாம்.

உலோக-கரிமச் சட்டகமும் இவ்விரு படிகளின் வழியேதான் பிறக்கிறது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கற்கண்டில் சேர்வது ஒரே பொருள். இங்கோ முடிச்சு வேறு, குச்சி வேறு. துத்தநாக உப்பையும் டெரிப்தாலிக் அமிலத்தையும் ஒரு கரைப்பானில் கரைக்கின்றனர். அமிலத்தின் இரு முனைகளிலும் உள்ள ஹைட்ரஜனை நீக்கினால்தான் கொக்கி உலோகத்தைப் பற்றும். அதை நீக்குவதற்குக் காரப்பொருள் வேண்டும். காரத்தை ஒரேயடியாகக் கொட்டினால், எல்லாக் கொக்கிகளும் ஒருங்கே திறந்து, அகப்பட்டதையெல்லாம் அகப்பட்டபடி பற்றிக்கொண்டு, வெள்ளைப் பொடியாகக் கீழே படிந்துவிடும். ஆகவே, 1999இல் அவர்கள் காரப்பொருளின் ஆவி கரைசலுக்குள் மெல்ல மெல்லப் பரவும்படி செய்தனர். பிற்காலத்தில் வேறொரு வழி வழக்கிற்கு வந்தது. கரைசலை மூடிய கலத்தில் ஏறத்தாழ 100 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வைத்தால், கரைப்பானே சிறிது சிறிதாகச் சிதைந்து காரத்தை வெளியிடும். மடையை முழுதும் திறந்துவிடாமல், வயலுக்கு வேண்டிய அளவே நீரை விடும் மடையாளின் வேலையைக் கரைப்பான் செய்கிறது.

முதலில் நான்கு துத்தநாக அணுக்கள் ஒரு பிராணவாயு அணுவைச் சூழ்ந்து ஒரு முடிச்சாகத் திரள்கின்றன. அம்முடிச்சிலிருந்து ஆறு திசைகளில் ஆறு குச்சிகள் நீள்கின்றன. ஒவ்வொரு குச்சியின் மறுமுனையிலும் இன்னொரு முடிச்சு. இவ்வாறு கனசதுர அறைகள் அடுக்கடுக்காக எழுகின்றன. இதே வகையைச் சேர்ந்த தாமிரச் சட்டகம் ஒன்று வளர்வதை 2008இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் மிக நுண்ணிய ஊசி முனையால் தடவிப் பார்க்கும் கருவியைக் கொண்டு கண்டனர். படிகத்தின் முகம் படிக்கட்டுகள் போல், ஒரு தளத்தின் மேல் ஒரு தளமாக விரிந்து வளர்வது அதில் தெரிந்தது. கொத்தனார் சுவர் எழுப்பும்போது வரிசைக்கு மேல் வரிசை வைப்பதைப் போன்ற காட்சி அது.

அவிழ்க்கக்கூடிய முடிச்சு

ஓர் ஐயம் எழலாம். கோடானுகோடி குச்சிகளும் முடிச்சுகளும் யாருடைய மேற்பார்வையும் இன்றிச் சேரும்போது, பிழையாக ஒன்று சேர்ந்துவிடாதா? சேரும். ஆனால் அப்பிழை திருத்தப்படுகிறது. உலோகத்திற்கும் குச்சிக்கும் இடையே உள்ள பிணைப்பு, ஆணி அடித்தது போன்றதன்று. கயிற்று முடிச்சைப் போன்றது. கோணலாக ஒட்டிய குச்சி சிறிது நேரத்தில் அவிழ்ந்து, மீண்டும் கரைசலுக்குச் சென்று, வேறோரிடத்தில் நேராக ஒட்டுகிறது. நேராக ஒட்டியது பல முனைகளில் பற்றப்படுவதால் நிலைத்து நிற்கிறது. பிழையைத் திருத்திக்கொள்ளப் போதிய அவகாசம் இருந்தால் படிகம் ஒழுங்காகும். அவகாசம் இல்லையேல் பொடியாகும். நிதானத்தின் பயன் இதுவே.

இதிலிருந்து ஒரு சிக்கலும் பிறக்கிறது. எளிதில் அவிழும் முடிச்சு, படிகம் வளரும்போது நன்மை தருகிறது. வளர்ந்து பயனுக்கு வந்த பின் அதுவே தீமையாகிறது. மேற்கூறிய துத்தநாகச் சட்டகம் ஈரக் காற்றுப் பட்டால் நாளடைவில் குலைந்துவிடும். நீர் மூலக்கூறு வந்து குச்சியைத் தள்ளிவிட்டு முடிச்சைத் தான் பற்றிக்கொள்கிறது. நீரை எடுக்க விரும்பும் நமக்கு, நீரால் கெடும் பொருள் எதற்கு உதவும்?

ஆகவே, உறுதியாகப் பற்றும் உலோகத்தைத் தேடினர். 2008இல் நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தார் சிர்கோனியம் கொண்டு ஒரு சட்டகத்தை ஆக்கினர். அதில் முடிச்சு ஒன்றிலிருந்து 12 குச்சிகள் நீள்கின்றன. நீர் அதனைக் குலைப்பதில்லை. சிர்கோனியம் நமக்குப் புதியதன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் சிர்கான் என்ற அதன் தாது கிடைக்கிறது. ஆனால் உறுதியான முடிச்சு எளிதில் அவிழாது. ஆகவே பிழை திருந்தாது. படிகம் வளராமல் கூழ் போலாகிவிடும். இதற்கு ஓர் உபாயம் கண்டனர். ஒரே கொக்கியுடைய அசிட்டிக் அமிலம், பென்சாயிக் அமிலம் போன்றவற்றையும் கரைசலில் மிகுதியாகச் சேர்த்தனர். இவை முடிச்சின் மேல் தற்காலிகமாக அமர்ந்து, உண்மையான குச்சி வந்து பற்றுவதைத் தாமதப்படுத்துகின்றன. போட்டியின் காரணமாக வளர்ச்சி நிதானமாகிறது, படிகம் ஒழுங்காகிறது. வினிகரில் உள்ள அமிலமே இத்தகைய நுட்பமான வேலைக்கும் உதவுகிறது என்பது வியப்பன்றோ!

அறை காலியாக வேண்டும்

படிகம் விளைந்துவிட்டால் வேலை முடிந்ததாக எண்ணலாகாது. விளைந்த படிகத்தின் அறைகளில் கரைப்பான் நிறைந்திருக்கும். கான்கிரீட் கூரை போடும்போது கீழே சென்டரிங் பலகை தாங்குவதைப் போல், படிகம் வளரும்போது கரைப்பான் அறைகளைத் தாங்கி நிற்கிறது. அதனை வெளியேற்றினால்தான் அறை பயன்படும். அவசரமாகச் சூடாக்கி உலர்த்தினால், வெளியேறும் திரவம் சுவர்களை உள்நோக்கி இழுக்க, சட்டகம் இடிந்து விழுவதும் உண்டு. ஆகவே, எளிதில் ஆவியாகும் வேறொரு திரவத்தால் முதலில் பலமுறை கழுவி, பின்னர்க் காற்றை நீக்கிய கலத்தில் மெல்ல உலர்த்துகின்றனர். முட்டுப் பலகையைப் பிரிக்கும் நாளை நம் மேஸ்திரிகள் எவ்வளவு கருத்தாகப் பார்ப்பார்களோ, அவ்வளவு கருத்து இதற்கும் வேண்டும்.

இன்னொரு குறையும் நேரக்கூடும். குச்சி நீளமாக இருந்து அறை பெரிதாகும்போது, ஒரு சட்டகத்தின் அறைகளுக்குள்ளேயே மற்றொரு சட்டகம் நுழைந்து வளர்ந்துவிடும். ஒரு பந்தலுக்குள் இன்னொரு பந்தலைப் போட்டதைப் போல், கால்கள்தாம் மிகும், இடம் குறைந்துவிடும். கரைசலை நீர்த்த நிலையில் வைத்து வளர்ப்பதால் இதனைப் பெரும்பாலும் தவிர்க்கலாம் என்று 2002இல் யாகியின் குழுவினர் காட்டினர்.

ஆக, ஒரே பெயரும் ஒரே சரக்கும் உடைய இரண்டு பொட்டலங்களில், ஒன்று நிதானமாக வளர்ந்து நன்கு காலி செய்யப்பட்ட படிகமாகவும், மற்றொன்று அவசரத்தில் படிந்து, துளைகள் அடைபட்ட பொடியாகவும் இருக்கக்கூடும். கண்ணுக்கு இரண்டும் பொடியாகவே தெரியும். வேறுபாடு பயனில்தான் வெளிப்படும்.

நம் ஊருக்கு வருமா?

இப்போது அந்த அன்பரின் கேள்விக்கு வருகிறேன். கணக்கோடு பார்ப்போம்.

2018இல் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் சிர்கோனியச் சட்டகம் ஒன்றைச் சோதித்தனர். இரவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, பகலில் வெயிலின் வெப்பத்தால் அதனை வெளியிட்டது. ஒரு கிலோ படிகம் ஒரு நாளுக்குத் தந்த நீர் 100 கிராம். ஒரு சிறு தம்ளர் அளவு. 2019இல் அலுமினியச் சட்டகம் ஒன்றை, சூரிய ஒளி மின்சாரத்தால் இயங்கும் விசிறியோடு மொஜாவே பாலைவனத்தில் வைத்துப் பார்த்தபோது, கிலோவுக்கு 0.7 லிட்டர் கிடைத்தது. குறுகிய காலத்தில் இவ்வளவு முன்னேற்றம் கண்டது பாராட்டுக்குரியதே.

ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் தரவேண்டும். 0.7 லிட்டர் கணக்கில் வகுத்தால், ஒருவருக்கு மட்டும் ஏறத்தாழ 79 கிலோ படிகம் வேண்டும். 1000 பேர் வாழும் சிற்றூருக்கு 79 டன். குடிப்பதற்கு மட்டும் ஆளுக்கு 3 லிட்டர் எனக் கொண்டால் நாலேகால் கிலோ போதும். ஆகவே, கிணறும் குழாயும் எட்டாத வறண்ட வெளியில் ஒரு குடும்பம் தாகம் தணிக்க இது நாளை உதவலாம். வைகைக் கரையில் கண்மாய்களோடு வாழும் நமக்கு, ஊர்க் குடிநீருக்கு மாற்றாக இன்று இது ஆகாது. கண்மாயைத் தூர்வாரும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு இதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே என் விடை.

ஆனால் வேறு துறைகளில் இச்சட்டகங்கள் முன்னரே வேலைக்கு வந்துவிட்டன. பழங்கள் விரைந்து கனிவதைத் தடுக்கும் ஒரு வாயுவைத் தன்னுள் அடக்கி, மெல்ல விடுவிக்கும் பொருளாக 2016இல் ஒன்று அயல்நாட்டில் விற்பனைக்கு வந்தது. தொழிற்சாலைப் புகையிலிருந்து கரியமிலவாயுவைப் பிரிக்கவும், நீரில் கலந்த நஞ்சுகளைப் பிடிக்கவும் பல நாடுகளில் ஆய்வு நடைபெறுகிறது. நம் நாட்டினரும் பின்தங்கவில்லை. பெங்களூரின் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்திலும், புனேயின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகத்திலும் இத்துறையில் ஆண்டுக்கணக்கில் ஆய்வுகள் நடந்து வருகின்றன. 2008இல் யாகியின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த புகழ்பெற்ற கட்டுரை ஒன்றின் முதல் ஆசிரியர் ராகுல் பானர்ஜி என்ற இந்தியரே. ஆகவே, இச்சட்டகங்களை வைத்துச் செய்த வடிகட்டிகளும் கருவிகளும் ஒரு நாள் ஊராட்சியின் வாசலுக்கு விற்பனைக்கு வரத்தான் போகின்றன. அன்று நாம் ஏமாறாதிருக்க வேண்டும்.

நான் செய்த பிழை

இதனை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாவட்டத்தில் பணியாற்றினேன். அங்கு மேட்டு நிலச் சிற்றூர் ஒன்றில் கிணற்று நீரில் புளோரைடு மிகுதி. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது நம் நாட்டு அளவுகோல். அங்கு அதனைவிடக் கூடுதலாக இருந்தது. பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருந்தது. கைப்பம்போடு அலுமினா வடிகட்டி ஒன்றைப் பொருத்தினோம். அலுமினாவும் நுண்துளைப் பொருளே. திறப்பு விழாவில் மாலையும் கைதட்டலும் கிடைத்தன.

துளைகளின் பரப்பு நிரம்பிவிட்டால் அது புளோரைடைப் பிடிக்காது. காரத்தாலும் அமிலத்தாலும் கழுவி அதனைப் புதுப்பிக்க வேண்டும். அதனை ஊராருக்கு எவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. நீர் எப்போதும் போல் தெளிவாகவே வந்தது. தெளிந்த நீரில் புளோரைடு கண்ணுக்குத் தெரியாதன்றோ! நெடுநாள் கழித்து நீரைச் சோதித்தபோது, வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அளவு ஒன்றாகவே இருந்தது. அவ்வூர்த் தாய் ஒருத்தி, “இதத்தான நல்ல தண்ணின்னு தேடி வந்து புள்ளைகளுக்குக் குடுத்தோம் ஐயா” என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை.

நான்கு கேள்விகள்

அப்பிழை உங்கள் ஊர்களில் நிகழலாகாது. ஆகவே, நுண்துளைப் பொருள் எதுவாயினும், நோபெல் பரிசின் பெயரைச் சொல்லி வந்தாலும், பணம் ஒதுக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, இதன் துளைகள் எந்தப் பொருளைப் பிடிக்கும்? எல்லாவற்றையும் பிடிக்கும் என்று சொன்னால் ஐயுறுங்கள். அளவறிந்து கட்டிய அறைக்கு அளவறிந்த விருந்தினரே வருவர்.

இரண்டாவது, நிரம்பிய துளைகளைக் காலி செய்வது எப்படி? யார் செய்வர்? எத்தனை நாளுக்கு ஒருமுறை? கழுவிய நீரை எங்கே விடுவது? செலவு யாருடையது?

மூன்றாவது, நீரிலும் வெப்பத்திலும் இது எத்தனை நாள் குலையாமல் இருக்கும்? எந்த உலோகம் இதில் முடிச்சாக இருக்கிறது? குலைந்தால் அது நீரில் கலக்குமா?

நான்காவது, ஆக்கும்போது பயன்படுத்திய கரைப்பானை முற்றும் நீக்கிவிட்டார்களா? அரசு ஆய்வுக்கூடத்தின் சான்று உண்டா? முதல் நாளில் மட்டுமன்றி ஆறு மாதம் கழித்தும் வடிகட்டிக்கு முன்னுள்ள நீரையும் பின்னுள்ள நீரையும் சோதித்துக் காட்டுவார்களா?

இவற்றுக்கு எழுத்தில் விடை தருபவரோடு பேசுங்கள். தராதவருக்கு மோர் கொடுத்து வழியனுப்புங்கள்.

முடிவுரை

நண்பர்களே! இக்கோரிப்பாளையத்திற்கு அருகிலேயே 1881இல் தொடங்கப்பெற்ற அமெரிக்கன் கல்லூரி இருக்கிறது. வைகையின் இரு கரைகளிலும் கல்லூரிகள் பல. நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கெல்லாம் சென்று படிக்கின்றனர். படிகம் வளர்வதைக் காண அவர்கள் கல்லூரிக்குச் செல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊர்ப் பள்ளியில் வெந்நீரில் படிகாரத்தைக் கரையும் மட்டும் கரைத்து, ஆறவிட்டு, நூலில் கட்டிய சிறு படிகாரத் துண்டை அதில் தொங்கவிடச் சொல்லுங்கள். ஒரு பாத்திரத்தை அசைக்காமல் வையுங்கள்; மற்றொன்றை அடிக்கடி கலக்குங்கள். சில நாட்களில் இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர். இச்சிறு சோதனையே பெரும் படிப்புக்கு வாயிலாகும்.

என் அலுவலகத்திற்கு வந்த அன்பர் இன்று இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார். ஐயா, நீங்கள் கேட்டதற்கு விடை இதுதான்: இன்று வராது, நாளை வரலாம், வரும்போது அதனைக் கேள்வி கேட்டு வாங்கும் அறிவு நம்மிடம் இருக்க வேண்டும். அதுவரை கண்மாய்க் கரையைக் காப்போம்; நிறுவியுள்ள வடிகட்டிகளை உரிய நாளில் கழுவுவோம்; நீரைச் சோதித்து, கண்ட அளவை ஊர்ப் பலகையில் எழுதி வைப்போம்.